கிணறு கெட்டால் கடன் வாங்குவது யார்?

லண்டனில் எம்மவர் வீடுகளில் கடன் என்பது அன்றாடம் புழங்கும் சொல்லாகும். வீட்டுக்கு மோட்கேஜ், காருக்குத் தவணைப் பணம், பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மாணவர் கடன் என ஒவ்வொரு குடும்பமும் கடனோடு வாழப் பழகியிருக்கிறது. வங்கி எமக்குக் கடன் தருமுன் எதைப் பார்க்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. இவருக்கு அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வருமானம் வருமா என்பதைத்தான் அது பார்க்கிறது. ஆனால் ஓர் ஊர் எவ்வாறு கடன் வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது, அந்த ஊரின் குடிநீர் கெட்டுப்போனால் அந்தக் கடனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விகள் எமது கூட்டங்களில் எழுவது மிக அரிது. தாயகத்துக் குடிநீர் பற்றிப் பேசும் நாம் மாசு பற்றிப் பேசுகிறோம். பணம் பற்றிப் பேச்சு வந்தால் நன்கொடையோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போன விடயத்தைப் பற்றியே இக்கட்டுரை.

இதற்குப் பொருத்தமான பாடம் நாம் வாழும் இந்த நகரத்திலேயே இருக்கிறது. 1848-49இல் பரவிய கொலரா லண்டனில் 14,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1853-54இல் மீண்டும் வந்து 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அன்றைய லண்டனில் மலக்கழிவு தேம்ஸ் ஆற்றில் விழுந்தது; குடிநீர்க் கம்பனிகள் பலவும் அதே ஆற்றிலிருந்தே நீர் எடுத்தன. சோஹோவின் பிரோட் வீதிக் குழாய்க்கிணறு பற்றி ஜோன் ஸ்நோ என்ற மருத்துவர் 1854இல் கண்டறிந்ததைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆய்வொன்றை அவர் தென்லண்டனில் நடத்தினார். அங்கே ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு வேறு கம்பனிகள் நீர் வழங்கின. லாம்பெத் கம்பனி 1852இல் தன் நீரேற்று நிலையத்தை ஆற்றின் மேற்பக்கமாக, இன்றைய சர்பிற்றனில் உள்ள சீதிங் வெல்ஸ் என்ற இடத்துக்கு மாற்றிக்கொண்டது. மற்றைய கம்பனி பற்றர்சியில் அழுக்கு நீரையே எடுத்துவந்தது. 1854ஆம் ஆண்டுக் கொலராப் பரவலின் முதல் ஏழு வாரங்களில், வீடுகளின் தொகையோடு ஒப்பிட்டால், பற்றர்சி நீர் சென்ற வீடுகளில் இறப்பு மற்றையதைப்போல் எட்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. கிங்ஸ்டன், நியூ மோல்டன் பக்கத்தில் வாழும் எம்மவர் பலர் சீதிங் வெல்ஸ் வழியாக நாள்தோறும் செல்கிறார்கள். அங்கே எஞ்சியிருக்கும் பழைய நீர்த்தேக்கத் தொட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி இந்தக் கதையைச் சொல்லலாம்.

காரணம் தெரிந்துவிட்டது, தீர்வும் தெரிந்திருந்தது. நகரத்தின் கழிவுநீரை ஆற்றில் விழாதவாறு இடைமறித்து, கிழக்கே வெகுதூரம் கொண்டுசெல்லும் பெரும் வாய்க்கால்களுக்கு ஜோசப் பசல்ஜெற் என்ற பொறியியலாளர் வரைபடம் தீட்டி வைத்திருந்தார். 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான மாநகர வேலைகள் சபை அவரைத் தலைமைப் பொறியியலாளராக நியமித்தது. ஆனால் வேலை தொடங்கவில்லை. திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது சட்டம். வரைபடங்கள் போவதும் திரும்புவதுமாக ஆண்டுகள் கழிந்தன. சபையிடம் இத்தனை பெரிய வேலைக்கான பணமும் இல்லை.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நாறியது. பாராளுமன்றத்தின் யன்னல் திரைச்சீலைகளைக் குளோரைட்டுச் சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உள்ளே இருக்க முடியவில்லை. நிதியமைச்சராக இருந்த டிஸ்ரேலி யூலை நடுப்பகுதியில் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். மூன்று வாரங்களுக்குள் அது சட்டமாயிற்று. நாற்றம் சட்டத்தைப் பிறப்பித்த கதையைப் பலரும் சுவையாகச் சொல்வார்கள். அச்சட்டத்தில் எழுதப்பட்டிருந்தவற்றைத்தான் யாரும் சொல்வதில்லை. அவற்றை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். மாநகர வேலைகள் சபை மூன்று மில்லியன் பவுண் கடன் வாங்கலாம். அந்தக் கடனுக்கு அரச திறைசேரி உத்தரவாதம் அளிக்கும். லண்டன் வீடுகளின் வரிமதிப்பில் ஒரு பவுணுக்கு மூன்று பென்ஸ் வீதம் நாற்பது ஆண்டுகளுக்கு வரி அறவிட்டு அக்கடன் அடைக்கப்படும். அத்தோடு, திட்ட வரைபடத்தை அரசு தடுத்து நிறுத்தும் அதிகாரமும் நீக்கப்பட்டது.

கடன் வாங்கும் உரிமை, அடைப்பதற்கான தனி வருமானம், மேலிடத்தின் உத்தரவாதம், திட்டத்தைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் ஆகிய நான்கும் ஒரே நாளில் ஓர் உள்ளூர்ச் சபையின் கைக்கு வந்து சேர்ந்தன. 132 கிலோமீற்றர் நீளமான பிரதான வாய்க்கால்கள் அதன்பின்னரே எழுந்தன. மூன்று மில்லியன் போதவில்லை. பின்னர் மேலும் வாங்கினார்கள். பொறியியலாளனாகிய எனக்கு செங்கல்லும் சீமெந்தும் பார்க்க அழகானவை. ஆயினும் பசல்ஜெற்றின் வரைபடம் மேசையில் கிடந்த காலத்தையும் நிலத்துக்குள் இறங்கிய காலத்தையும் பிரித்தது அந்தக் கடன் சட்டமே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1866இல் கொலரா கடைசி முறையாக லண்டனைத் தாக்கியபோது நகரின் பெரும்பகுதி தப்பிக்கொண்டது. கிழக்கு லண்டன் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. புதிய வாய்க்கால் வலையமைப்பு அப்பகுதியில் அப்போது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஓல்ட் ஃபோர்ட் நீர்த்தேக்கத்திலிருந்து வடிகட்டாத நீர் குழாய்களுக்குச் சென்றிருந்தது. ஈஸ்ட்ஹாமிலிருந்து அது அதிக தூரமில்லை. அதன் பின்னர், 1869இல், சபை மூன்றரை வீத வட்டியில் தன் பெயரிலேயே பங்கு முறி வெளியிட்டுப் பொதுமக்களிடமும் வங்கிகளிடமும் கடன் பெறும் நிலைக்கு உயர்ந்தது. ஆற்றைச் சுத்தமாக்கிக் காட்டிய சபையை, வரியைத் தவறாமல் வசூலித்த சபையை, சந்தை நம்பியது.

இனி இதன் உட்பொறியைப் பார்ப்போம். ஓர் உள்ளூராட்சி மன்றத்துக்குச் சம்பளம் கிடையாது. அதற்கு இருப்பது ஆதனவரி, நீர்க்கட்டணம், கடைவாடகை, மேலிருந்து வரும் மானியம் ஆகியவையே. கடன் கொடுப்பவர் இவற்றில் எது நிலையானது என்று பார்க்கிறார். குடிநீர் மாசுபட்டால் இவை எல்லாம் ஒருசேர ஆடத் தொடங்குகின்றன. சுத்திகரிப்புக்குப் புதிய முதலீடு வேண்டும், எனவே கடன் தேவை ஏறுகிறது. அதே நேரத்தில் குழாய் நீரை நம்பாதவர் கட்டணம் கட்ட மறுக்கிறார், காணியின் விலை விழுகிறது, வரிமதிப்பும் விழுகிறது, தொழில்கள் வேறிடம் போகின்றன, வழக்குகள் வருகின்றன. கடன் அதிகமாகத் தேவைப்படும் அதே வேளையில் கடன் பெறும் தகுதி குறைந்துபோகிறது. அந்த இடைவெளியைக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டியால் நிரப்புகிறார். வட்டி கூடினால் சுத்திகரிப்பு வேலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. நீர் இன்னும் கெடுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ற் நகரத்தில் இந்தச் சுழற்சி கண்முன்னே நடந்தது. கார் உற்பத்தி வீழ்ந்து நகரம் கடனில் மூழ்கியதால் 2011இல் மாநில அரசு அங்கே அவசரகால முகாமையாளரை நியமித்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெற்றொயிற் நீரை நிறுத்தி ஃபிளின்ற் ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் இரசாயனம் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கரைந்தது. இதில் பலரும் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. எதிர்காலத்தில் ஹூரன் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் புதிய குழாய்த் திட்டத்தில் தன் பங்குக்குக் கடன்முறி வெளியிட நகரம் அப்போது ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நகரமோ தன் கடன் உச்சவரம்பைத் தொட்டுவிட்டது. சூழல் கேடொன்றைச் சரிசெய்யுமாறு ஆணை பெற்ற நகரம் வரம்பு மீறிக் கடன் பெறலாம் என்ற சட்டவழியைப் பயன்படுத்தியே அந்தக் கடன் எழுப்பப்பட்டது. அதாவது நாளைய நீருக்குக் கடன் வாங்கிக்கொண்டே இன்றைய நீரில் சிக்கனம் பிடித்தார்கள். 2015 ஒக்ரோபரில் டெற்றொயிற் நீருக்கே திரும்பினர். பின்னர் எட்டப்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின் தொகை 62 கோடி 60 இலட்சம் டொலர். மிச்சம்பிடிக்க நினைத்த தொகை இதற்கு அருகிலும் வராது.

லண்டனிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. 1904இலிருந்து பொதுச்சபை ஒன்றின் கையில் இருந்த லண்டன் குடிநீர் 1974இல் தேம்ஸ் நீர் அதிகாரசபையிடமும், 1989இல் தனியார் கம்பனியிடமும் போயிற்று. பழைய கடன்களை அரசு தள்ளுபடி செய்து, கடன்சுமை இல்லாத கம்பனியாகவே அது விற்கப்பட்டது. அதே கம்பனி இந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 20 பில்லியன் பவுண் கடனோடு தள்ளாடியது. ஆறுகளில் கழிவு கலந்தது, குழாய்கள் கசிந்தன, ஒழுங்குபடுத்துநர் தண்டம் விதித்தார், 2024 யூலையில் தரப்படுத்தும் நிறுவனங்கள் அதன் கடன்முறிகளை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே தள்ளின. 2025 பெப்ரவரியில் மூன்று பில்லியன் பவுண் வரையான அவசரக் கடனுக்கு உயர்நீதிமன்றம் அனுமதி வழங்கியபோது அதன் வட்டி 9.75 வீதம். அதே ஆண்டு மே மாதத்தில் 122.7 மில்லியன் பவுண் தண்டம் வந்தது. 1869இல் மூன்றரை வீதத்துக்குக் கடன் பெற்ற அதே ஆறு, அதே நகரம்! நாணயத்தின் மதிப்பும் காலமும் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது மனம் சும்மா இருக்க மறுக்கிறது.

கனடாவில் உள்ள உறவுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒன்ராறியோ மாநகர ஊழியர் ஓய்வூதிய நிதியம் இந்தக் கம்பனியின் மிகப் பெரிய பங்குதாரராக, ஏறத்தாழ 32 வீதம் வைத்திருந்தது. 2024இல் அந்த முதலீட்டின் பெறுமதியை முழுவதுமாக அது கைகழுவிக் கணக்கெழுதியது. ரொறன்ரோ மாநகரப் பணியிலுள்ள எம்மவரின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒரு துளி லண்டன் கழிவுநீரோடு போயிற்று என்று சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

இப்போது தமிழகத்துக்கு வருவோம். சென்னை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஆலந்தூர் 1990களில் ஒரு தனி நகராட்சி. ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழித் தொட்டி. நிரம்பினால் லொறி வந்து உறிஞ்சிக்கொண்டுபோய் எங்காவது கொட்டும். திறந்த வாய்க்கால்களில் கழிவு ஓடும். நிலத்தடி நீரும் கெடும். 1996இல் நகராட்சித் தலைவராகத் தெரிவான ஆர். எஸ். பாரதி பாதாளச் சாக்கடை அமைப்போம் என்றபோது செலவு 34 கோடி ரூபா அளவில் வந்தது. அந்த நகராட்சியின் வருமானத்தை வைத்து எந்த நிதி நிறுவனமும் அத்தனை பெரிய தொகையை எளிதாகக் கொடுத்துவிடாது.

நகராட்சி அப்போது மக்களிடம் போயிற்று. வீடொன்றுக்கு 5,000 ரூபா, வணிக நிலையங்களுக்கு 10,000 ரூபா வைப்புப் பணம் கேட்டது. அதன்மேல் மாதக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று மறைக்காமல் சொன்னது. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, வாங்கும் பணம் இத்திட்டத்துக்கு மட்டுமே என்று உறுதியளித்துத் தனிக் கணக்கில் வைத்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். வேலை தொடங்குமுன், ஒரு குழாய்கூடப் பதிக்கப்படாத நிலையில், தங்கள் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடன் கொடுக்கும் தமிழ்நாட்டு நகர்ப்புற நிதி நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய ஈடு வேறென்ன வேண்டும்? கடனும் வந்தது, மானியமும் வந்தது, வேலையும் முடிந்தது. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது; ஆனால் அங்கே பதித்த குழாய்கள் நிலத்துக்குள்தான் இருக்கின்றன.

ஆலந்தூரைப்போல் துணிய முடியாத சிற்றூர்களுக்குத் தமிழக அரசு இன்னொரு வழியைக் கண்டது. தனித்தனியே எவரும் கடன் தராத பதின்மூன்று சிறு நகர அமைப்புகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகக் கட்டி, நீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம் என்ற பெயரில் 2002ஆம் ஆண்டின் முடிவில் 30.41 கோடி ரூபாவுக்குக் கடன்முறி வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுத் தவணை, 9.20 வீத வட்டி. அமெரிக்க அபிவிருத்தி நிறுவனம் முதலில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. நகர அமைப்பு தவணை தவறினால் அதற்கு மாநில அரசு தரவேண்டிய நிதியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. 1858இல் திறைசேரி செய்த வேலையை இங்கே பலர் கூடிச் செய்தார்கள் எனலாம்.

இவ்வளவையும் சொன்னது யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே எமது நீர். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு; அது எமது பெருமை, எமது சுதந்திரம். எவரிடமும் தண்ணீருக்குக் கையேந்தாத ஊர் என்று பெரியோர் சொல்வதைக் கேட்டே நாமெல்லாம் வளர்ந்தோம். ஆனால் அதே வளவில் மலக்குழியும் உண்டு. தோட்டத்தில் யூரியா உண்டு. சுண்ணாம்புப் பாறையோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே ஊற்றுவது கீழே விரைந்து இறங்கிவிடும். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பல்லாண்டுகளாகப் பதிவாகி வருகிறது. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. கொதிக்கவைத்தாலும் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

கடன் கொடுப்பவரின் கண்ணால் இதைப் பாருங்கள். எல்லோருக்கும் சொந்தக் கிணறு இருப்பதால் எவரும் நீர்க்கட்டணம் கட்டுவதில்லை. கட்டணம் இல்லாததால் எந்தச் சபைக்கும் நீரிலிருந்து வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் நீரைக் காப்பதற்குக் கடன் வாங்கும் தகுதி எந்தச் சபைக்கும் இல்லை. கிணறு தனியாருக்கு, நிலத்தடி நீர் எல்லோருக்கும். கெடுப்பதற்கு ஆயிரம் பேர், சீர்செய்யக் கடன் வாங்க ஒருவரும் இல்லை. எமது பெருமையே எமது பலவீனமாக மாறிய இடம் இது என்பது என் கருத்து. சிலருக்கு இது கசக்கும்.

சுன்னாகத்தில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்குள்ள அனல் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கியதாக மக்கள் முறையிட்டனர். கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதைக் கண்டு 2014-15இல் வீதிக்கு இறங்கிப் போராடினர். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்த ஆணையிட்டது. பவுசர்களில் நீர் ஏற்றிச்சென்று வீதியோரத் தொட்டிகளை நிரப்பும் வேலை தொடங்கிற்று. வலிகாமம் தெற்குப் பிரதேச சபையைப் போன்ற ஒரு சிறு சபைக்கு பவுசர், சாரதி, எரிபொருள் எல்லாம் அன்றாடச் செலவு. சந்தைக் குத்தகையிலும் ஆதனவரியிலும் வாழும் சபை அது. இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அன்றைய நாணய மாற்றில் அது ஏறத்தாழ 90,000 பவுண். ஹரோவில் ஒரு வீட்டுக்கு நம்மவர் வைக்கும் முற்பணத்துக்கு அது சரியாக இருக்கும். சட்ட வரலாற்றில் அந்தத் தீர்ப்பு மதிக்கத்தக்கதே. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. ஆனால் ஒரு நிலத்தடி நீர்ப்படுகையைக் கண்காணித்துச் சீராக்க அத்தொகை எந்த மூலைக்கும் காணாது.

சரி, பெரிய தீர்வு என்னவாயிற்று? யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் ஒப்புதல் அளித்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவது முதலாவது எண்ணம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தங்கள் வயலுக்கே போதாத குளத்து நீரைப் பகிர்வதற்கு உறுதிமொழி கேட்டது அவர்கள் உரிமை. யாழ்ப்பாணத்தார் சிலர் அவர்களை இகழ்ந்து பேசியதை நான் ஏற்கவில்லை. பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திட்டம் மாறியது. 2017இல் மேலதிகமாக 12 கோடி டொலர் கடன். 2024 ஓகஸ்ட் மாதம் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது என்று ஊரிலிருந்து சொல்லும்போது மகிழ்ச்சியே. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்பதையும், எமது கிணற்று நீர் கெடாமல் இருந்திருந்தால் இத்தனை பெரிய செலவுக்குத் தேவை வந்திருக்காது என்பதையும் மறக்க முடியவில்லை.

அந்தக் கடனை வாங்கியவர் யார்? இலங்கை அரசு. நடத்துவது யார்? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. யாழ் மாநகர சபைக்கோ, வலிகாமத்துப் பிரதேச சபைகளுக்கோ, வடக்கு மாகாண சபைக்கோ அந்த ஒப்பந்தத்தில் கடன்காரர் என்ற இடம் இல்லை. கடனை வாங்காதவருக்குத் திட்டத்தைத் தீர்மானிக்கும் இடமும் இருக்காது. எங்கே குழாய் முதலில் போகும், கட்டணம் எவ்வளவு, நகரத்துக்குக் கழிவுநீர் வலையமைப்பு எப்போது என்பவையெல்லாம் கொழும்பில் தீர்மானமாகின்றன. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, ஒரு ரூபாகூடக் கடன் வாங்காத எமது ஊர்ச் சபைகளும் அந்தப் பெயரிழப்பில் சேர்ந்து மூழ்கின. அடுத்து வந்த நீர்க்கட்டண உயர்வு எல்லோருக்கும் வந்தது.

சட்டத்தில் வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, கதவு சாத்தப்பட்டிருக்கிறது. உள்ளூர்க் கடன் அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1916இலேயே வந்தது. லண்டன் கண்ட வழியைக் காலனித்துவ அரசு தன் சிறிய அளவில் இலங்கைக்கும் கொண்டுவந்தது எனலாம். மாநகர சபைகள் அனுமதி பெற்றுக் கடன் வாங்க இடமுண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தில் மாகாணப் பட்டியலிலே கடன் வாங்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதிக்கும் அளவுக்கே என்ற நிபந்தனையும் பக்கத்திலேயே இருக்கிறது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும் எம்மவர் காணி அதிகாரம், காவல்துறை அதிகாரம் என்று எப்போதும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இந்த மூன்றாவது அதிகாரத்தைப் பற்றி மேடைகளில் ஒரு வார்த்தை வருவதில்லை. மூன்று மில்லியன் கடன் வாங்கும் உரிமை இல்லாதிருந்தால் லண்டன் சபையும் இன்றைய எமது சபைகளைப்போல் வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அதோடு, நாற்பது ஆண்டுக் கடனுக்கு நாற்பது ஆண்டு நிலைத்திருக்கும் சபை வேண்டும். வடக்கு மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து போனது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் ஓடின. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே அவை நடந்தன. தேர்தலைத் தள்ளிப்போடுவதை நாம் மக்களாட்சிப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். கடன் கொடுப்பவர் அதை வேறு கண்ணால் பார்ப்பார். ஈராண்டு காலம் கையொப்பமிட ஆளில்லாத சபைக்கு அவர் ஒரு சதமும் தரமாட்டார்.

எம்மவரில் சிலர் கேட்பார்கள்: ஏற்கெனவே கடனால் அழிந்த நாட்டில் ஊர்ச்சபைகளும் கடன் வாங்க வேண்டுமா, நாம் மானியம் திரட்டிக் கொடுத்தால் போதாதா? கடன் தன்னளவில் நல்லதன்று என்பதற்குக் குரொய்டனில் வாழும் எம்மவரே சாட்சி. வணிகக் கட்டடங்களிலும் வீடமைப்புக் கம்பனியிலும் கடன் பணத்தைப் போட்ட அந்தக் கவுன்சில் 2020 நவம்பரில் 114ஆம் பிரிவு அறிவித்தலை வெளியிட்டு, அத்தியாவசியமற்ற செலவுகளை நிறுத்த நேர்ந்தது. கவுன்சில் வரி உயர்ந்ததை அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது. ஆனால் சூதாட்டத்துக்கு வாங்கும் கடனும் சாக்கடைக்கு வாங்கும் கடனும் ஒன்றல்ல. மானியத்தைப் பொறுத்தவரை, கொடுப்பவர் நிறுத்தினால் அது நின்றுவிடும். எமது அடுத்த தலைமுறை எவ்வளவு காலம் கொடுக்கும் என்று எவரும் உறுதியளிக்க முடியாது. வறிய மக்கள்மேல் கட்டணம் சுமத்தலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அவர்கள் இப்போதும் இலவசமாகக் குடிக்கவில்லை. போத்தல் நீருக்கும் கான் நீருக்கும் விலை கொடுக்கிறார்கள். ஆலந்தூரில் செய்ததுபோல் கணக்கைத் திறந்து காட்டிக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். இயலாதவருக்குச் சலுகை கொடுக்கவும் வேண்டும்.

எனவே புலம்பெயர்ந்தோர் செய்யக்கூடியது என்ன? 2002இல் தமிழகத்துச் சிறு நகரங்களுக்கு வெளியார் ஒருவர் அளித்த பாதி உத்தரவாதத்தை எண்ணிப் பாருங்கள். அது நன்கொடையன்று, தவணை தவறினால் மட்டுமே கைவிட்டுப் போகும் பணம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் திரட்டும் ஒரு நிதியம், ஒரு பிரதேச சபையின் கழிவுநீர்த் திட்டக் கடனுக்கு அத்தகைய உத்தரவாதம் அளிக்கும் நாள் வரவேண்டும். இன்றைய இலங்கைச் சட்டத்தில் அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போது, மாகாணத்தினதும் உள்ளூராட்சியினதும் கடன் அதிகாரம் பற்றிய சட்டம் இயற்றப்பட வேண்டும் என்பதையும் எமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்த நகரத்தில் எம்மவர் கணக்காளர்களின் தொகை சிறிதல்ல. கனரி வார்ஃபில் கடன்முறிகளைப் பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிரதேச சபையின் வரவுசெலவுக் கணக்கை எடுத்து, கடன் கொடுப்பவர் கேட்கும் வடிவில் எழுதிக்கொடுக்க வாரத்தில் இரண்டு மணித்தியாலம் போதும். மருத்துவமும் பொறியியலும் படித்த எமக்குத் தெரியாத வேலை அது, இளையோருக்குத் தெரியும்.

அதுவரை, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ நீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கப் பணம் அனுப்புவோர் அனுப்பத்தான் போகிறார்கள், நானும் அனுப்பியிருக்கிறேன். அனுப்புமுன் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள். அந்த இயந்திரம் நல்ல நீரை ஒரு குழாயிலும், நைத்திரேற்றும் உப்பும் செறிந்த கழிவு நீரை இன்னொரு குழாயிலும் வெளியே விடும். அந்த இரண்டாவது குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள்.